நத்தை இருக்கக் கூடாத தொட்டிகள்

மார்ச் 3, திங்கள்

நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறாள். எனக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. வேலையிலிருந்து வந்ததும் அன்று நடந்ததை இவளிடம் சொல்வேன். சாப்பிடும்போது மறுபடி சொல்வேன். இன்று கை கழுவும்போது மூன்றாவது முறை ஆரம்பித்தேன். மருந்துக்கடையில் கொடுத்த டைரியை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டாள். எழுதி வைத்துவிடுவாளாம், அடுத்த தடவை ஆரம்பித்தால் பக்கத்தைக் காட்டுவாளாம். எட்டாவது வரை படித்தவள். என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுவேன் என்கிறாள். திருத்தட்டும்.

ரயில் நிலையத்தில், பயணிகள் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் போகும் அறையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். சீட்டைப் பார்க்க மாட்டேன், முகத்தைப் பார்த்துப் பெட்டியை எடுத்துக் கொடுப்பேன். ஒரு பெட்டி மாறியதில்லை. இப்போது கல்லூரியின் பின்பக்கத்தில் பன்னிரண்டு தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலை ஏழு மணிக்குப் போய், குறைந்த தண்ணீரை நிரப்பி, விழுந்த சருகை அள்ளி, வெப்பமானி காட்டும் எண்ணைத் தாளில் அந்தந்தக் கட்டத்தில் போட வேண்டும். எண் தெரிந்ததால் பிழைப்பு ஓடுகிறது.

தொட்டிகள் ஒரு பெண்ணுடையவை. ஆராய்ச்சி செய்கிறார். நான் டாக்டரம்மா என்று கூப்பிடுவேன். இன்றும் கூப்பிட்டேன். "இன்னும் ஆகலைங்க ஐயா. மே மாசம் வரைக்கும் இந்தப் பன்னெண்டும் ஒழுங்கா நின்னாத்தான் ஆவேன்" என்று சிரித்தார். ஐந்து வருடப் படிப்பாம். அத்தனையும் இந்தத் தொட்டிகளுக்குள் கிடக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

தொட்டிகள் இரண்டு வரிசை. ஒரு பக்கம் ஒன்றிலிருந்து ஆறு, எதிர்ப்பக்கம் ஏழிலிருந்து பன்னிரண்டு. நடுவில் ஓர் ஆள் வாளியோடு நடக்கிற அளவுக்குப் பாதை. தொட்டி என் இடுப்பு உயரம், இரண்டு கையையும் விரித்தால் அதுதான் அகலம். எல்லாவற்றிலும் அதே மூன்று செடிகள். ஒன்று நாடா மாதிரி நீளம். ஒன்று ஊசி ஊசியாக இருக்கும். மூன்றாவதற்கு மெல்லிய அகல இலை, அழுத்திப் பிடித்தால் கிழியும். அவற்றின் உண்மையான பெயர்களை டாக்டரம்மா ஒருமுறை சொன்னார், எனக்கு மூன்றும் நினைவிருக்கிறது. நான் சொன்னால் இவள் நாக்கு சுளுக்குகிறது என்று எழுத மறுக்கிறாள்.

ஆறு தொட்டிகளில் நத்தை உண்டு, விரல் நகம் அளவு. ஆறில் இல்லையாம், எவை எவை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று காலை பாதையில் ஒரு நத்தை கிடந்தது. இருட்டில் சுவரேறி மறுபக்கம் விழுந்துவிடும் போல. ஒன்பதாம் தொட்டிக்குக் கீழே கிடந்ததால் ஒன்பதில் விட்டேன். பெட்டி அறைப் பழக்கம். தரையில் எதுவும் கிடக்கக் கூடாது. எந்தத் தட்டுக்குக் கீழே கிடக்கிறதோ அந்தத் தட்டில் ஏற்று. கொஞ்ச நேரம் ஓட்டுக்குள்ளேயே இருந்தது. அப்புறம் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அதன் வழியே போய்விட்டது. நன்றி சொல்கிற முகம் இல்லை.

மார்ச் 6, வியாழன்

மழை. தண்ணீர் விடுகிற வேலை மிச்சம். நத்தை எதுவும் வெளியே வரவில்லை, அவற்றுக்கும் சோம்பல்தான்.

மார்ச் 10, திங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கள் அளவெடுக்கிற நாள். மற்ற நாட்களில் டாக்டரம்மா தலைகாட்டிவிட்டு, செடி பார்க்க ஏரி ஏரியாகப் போய்விடுவார். அன்று மட்டும் காலையிலிருந்து மாலைவரை இங்கேதான். ஒவ்வொரு தொட்டியிலும் நாடாச் செடியின் ஓர் இலையை வெட்டி, அதன்மேல் படிந்த வழுக்கலைப் பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்தெடுத்து, வடிகட்டி, உலர்த்தி, நிறுப்பார். அழுக்கை நிறுத்துப் பார்க்கிற வேலையை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

கல்லூரித் தோட்டக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் நத்தைக்கும் ஆகாது, பூச்செடித் தளிரையெல்லாம் அரித்துவிடுகிறதாம். "நாங்க உப்பு போட்டுக் கொல்றோம். நீங்க சம்பளம் வாங்கிட்டு வளக்கறீங்க" என்றார். நீங்களும் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே கொல்கிறீர்கள் என்றேன்.

அது டாக்டரம்மா காதில் விழுந்துவிட்டது. கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் நத்தையை விட்டு, உருப்பெருக்கிக் காட்டும் கண்ணாடியை என்னிடம் கொடுத்து, கிண்ணத்தின் அடியிலிருந்து பார்க்கச் சொன்னார். வாய் திறந்து திறந்து மூடுகிறது. உள்ளே நாக்கு, தச்சரின் அரம் போல. கிண்ணத்தில் படிந்த பச்சையை வரிவரியாகச் சுரண்டிக்கொண்டே போகிறது. போன வழியெல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

இந்த வகை நத்தை செடியைவிடச் செடிமேல் படிகிற பாசியைத்தான் அதிகம் தின்னுமாம். பாசி மூடினால் இலைக்கு வெளிச்சம் கிடைக்காது, சுரண்டிவிட்டால் கிடைக்கும். ஆக நாடாச் செடிக்கு நத்தை வீட்டு வேலைக்காரி. மெல்லிலையிடம் மட்டும் இந்த மரியாதை கிடையாது. பாசியோடு இலையையும் சேர்த்துத் தின்றுவிடும். எட்டாம் தொட்டியில் மெல்லிலை சல்லடையாகக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஊசிச் செடியை அது அவ்வளவாகச் சீண்டுவதில்லை. ஒரு குளத்தில் எந்தச் செடி தழைக்கும், எது ஒழியும் என்பதில் நகம் அளவுப் பிராணிக்கு ஒரு பங்கு இருக்கிறது. அது எவ்வளவு பங்கு என்பதுதான் தன் படிப்பு என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்றுச் சொன்னதை எழுதிவிட்டு இவள் ஒரு கேள்வி கேட்டாள். நத்தை அவ்வளவு நல்லதென்றால் ஆறு தொட்டிகளில் ஏன் விடவில்லை? தெரியாது, நான் கேட்கவில்லை என்றேன். ஏன் கேட்கவில்லை?

தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டகையின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, டிசம்பர் ஒன்பதாம் தேதி, டாக்டரம்மா அதை என் கையில் கொடுத்தார். அவருக்கு அன்று ஊருக்கு வண்டி பிடிக்கிற அவசரம். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படிச்சுட்டேம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன். என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று முன்பு இருந்த ஆளின் கூடவே ஒரு நாள் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

தாளில் இருக்கக்கூடிய எதையும் நான் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால், அதுதான் தாளில் இருக்கிறதே என்பார்கள். அப்புறம் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையை இருபது வயதிலிருந்து தெரியும். பெட்டி அறையில் மேலாளர் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது.

இவள் என் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறாள். அதுவே ஒரு மாதிரி இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

ஐந்தாம் தொட்டியில் நாடா இலை தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டது. அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பக்கத்தில் ஆறாம் தொட்டியில் அதே செடி பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாய்ந்து கிடக்கிறது. ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே வெயில்.

மார்ச் 24, திங்கள்

அளவெடுக்கிற நாள்.

டாக்டரம்மா காலையிலிருந்தே சரியாகப் பேசவில்லை. இரண்டு, ஐந்து, இந்த இரண்டு தொட்டிகளின் எடை சில வாரங்களாகவே ஒத்துவரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஐந்தாம் தொட்டியில் பிரஷ் கைதவறி உள்ளே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். வெகுநேரம். அப்புறம் ஓர் இலையைத் திருப்பிப் பிடித்து என்னைக் கூப்பிட்டார். இலையின் அடியில் கண்ணீர்த்துளி மாதிரி கொழகொழவென்று ஒன்று, அதற்குள் புள்ளி புள்ளியாக முட்டை. கைவிட்டுத் துழாவினால் நத்தை. நத்தை விடாத மற்றத் தொட்டிகளையும் துழாவினார். இரண்டிலும் ஒன்பதிலும் அதே கதை.

இந்தத் தொட்டிகளில் ஒரு நத்தைகூட இருக்கக் கூடாதாம். உள்ள தொட்டியையும் இல்லாத தொட்டியையும் ஒப்பிடுவதுதான் மொத்த ஆராய்ச்சியே.

"நான்தான் ஐயா. அக்டோபர்ல செடியைக் கழுவி நட்டது நான்தான். முட்டை ஒட்டியிருந்திருக்கு, பாக்கலை" என்றார். தோட்டத்துக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

நான் தொட்டிக்குத் தண்ணீர் விட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

இவள் யோசனைப்படி அந்தத் தாளைப் போனில் படம் பிடித்து வந்தேன். விளக்கருகே வைத்துப் படித்தாள். பத்து வரி. முதல் ஐந்தும் நான் தினம் செய்வதுதான். ஆறாவதை இரண்டு முறை படித்தாள்.

பாதையில் கிடக்கும் நத்தைகளை எந்தத் தொட்டியிலும் திரும்ப விடக் கூடாது. நீல வாளியில் போட்டு வைக்கவும்.

நீல வாளியில் நான் சருகு அள்ளுகிறேன்.

இருபத்தியொண்ணு. எனக்குத் தெரியும். யாரும் எண்ணிச் சொல்ல வேண்டாம். ரெண்டுல ஏழு. அஞ்சுல ஒம்பது. ஒம்பதுல அஞ்சு. ஒவ்வொண்ணும் என் கையால விட்டது. அந்தப் பொண்ணு தான் கழுவலைன்னு நிக்குது, நான் பக்கத்துல தண்ணி ஓஸைப் பிடிச்சுட்டு நிக்கறேன் — இதை அப்படியே எழுது. திருத்தாதே.

மார்ச் 26, புதன்

போனேன். சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

பேராசிரியர் வந்தார். டாக்டரம்மாவுக்கு வழிகாட்டி அவர்தான்; அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். தொட்டிகளைச் சுற்றி வந்தார், கெட்ட மனிதர் இல்லை, குரலை உயர்த்தவில்லை. நத்தை எப்போது நுழைந்தது என்று தெரியாத வரைக்கும் நத்தையில்லாத தொட்டி எதையும் நம்ப முடியாது என்றார். முட்டை அக்டோபரிலேயே ஒட்டி வந்ததென்றால் ஆரம்பத்திலிருந்தே கணக்கு தப்பு. எல்லாவற்றையும் காலி செய்து மறுபடி அக்டோபரில் தொடங்க வேண்டும். ஆனால் கல்லூரி டாக்டரம்மாவுக்குக் கொடுத்திருக்கிற காலம் இந்த வருடத்தோடு முடிகிறது.

அவர் போன பிறகு டாக்டரம்மா, திங்கட்கிழமை எல்லாத் தொட்டிகளையும் காலி செய்துவிடலாம் என்றார். என் கைவேலை இருந்தால் சீக்கிரம் முடியுமாம். சரி என்றேன். சரி என்பது என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

(இது அவர் சொல்லி எழுதுவது அல்ல. நானே எழுதுகிறேன். நான்கு நாளாக, போனேன், வந்தேன், இல்லை என்று எழுதச் சொல்கிறார். இனிமேல் எழுத மாட்டேன் என்று பேனாவை மூடினேன். நாளைக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டால் அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். படிக்கத் தெரியாத ஆளை யார் வைத்துக்கொள்வார்கள் என்றார். அது மட்டும் இல்லை, எனக்குத் தெரியும். "உங்களுக்கு ஒரு பார்வை. அந்தப் பொண்ணுக்கு அஞ்சு வருஷம்" என்றேன். சட்டையை எடுத்து நாளைக்கென்று தானே தேய்த்துக்கொண்டார். இதை அவருக்குப் படித்துக் காட்ட மாட்டேன்.)

மார்ச் 31, திங்கள்

ஆறரை மணிக்கே போய்விட்டேன். அதற்கு முன்பே டாக்டரம்மா வந்து, ஐந்தாம் தொட்டியில் ஓஸைப் போட்டுத் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. போய் ஓஸை மடக்கிப் பிடித்தேன். என்ன ஐயா என்றார்.

வழியெல்லாம் ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். பெட்டி அறையில் ஆரம்பித்து மெதுவாக வருகிற மாதிரி. அது வரவில்லை. "நத்தையை நான் விட்டேன்மா. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றேன். இரண்டும் சேர்ந்தே வெளியே வந்துவிட்டன. இருபத்தோரு நத்தை என்ற எண்ணிக்கையும் பின்னாலேயே வந்தது.

அந்தப் பார்வை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதில் கோபம் வந்தது. நல்ல கோபம். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "ஒரு வார்த்தை. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயால சொல்லியிருப்பேனே. அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமா? ஒரு வாரமா ராத்திரி ராத்திரியா நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சுட்டு இருக்கேன்." அப்புறம் அழுதார். நான் ஓஸை விடவில்லை, கை மரத்துப்போயிற்று.

வீட்டுக்குப் போகச் சொன்னார். வந்துவிட்டேன். நான் கிளம்பும்வரை அவர் மேற்கொண்டு தொட்டிகளைக் காலி செய்யவில்லை, அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

யாரும் வேலைக்கு வராதே என்று சொல்லவில்லை. அதனால் போனேன். டாக்டரம்மா கொட்டகைக்குள் இருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் விட்டேன். நீல வாளியைக் கழுவி வைத்தேன். பாதையில் இரண்டு நத்தைகள். அதில் போட்டேன்.

தோட்டக்காரருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. வேலிக்கு மேலே தலை வந்தது. ஏதோ நக்கல் செய்யத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ குடிக்க வருகிறீர்களா என்று மட்டும் கேட்டார். போனேன்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் டாக்டரம்மா இரண்டு நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார். மடியில் வெறும் தாளும் பேனாவும். முகத்தில் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இருபத்தோரு நத்தை என்று எண்ணிக்கை சொன்னீர்களே, எது எந்த நாள் என்று தெரியுமா என்றார்.

இதைத்தான் நான் திங்கட்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு தெரிந்ததை யாராவது கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை.

இரண்டாம் தொட்டியில் முதல் இரண்டும் ஜனவரி எட்டு, புதன்கிழமை. அன்றுதான் கல்லூரி முன்கேட்டின் கீல் உடைந்து, நான் பின்பக்கமாகச் சுற்றி வந்தேன். அடுத்தது பதினொன்று, தோட்டக்காரர் மகளுக்குக் குழந்தை பிறந்ததென்று இனிப்பு கொடுத்த நாள். ஐந்தாம் தொட்டியில் முதல் மூன்றும் ஒரே நாளில், பிப்ரவரி ஐந்து. மோட்டார் கருகி, பக்கத்துக் கட்டடத்திலிருந்து தண்ணீர் சுமந்த நாள். மூன்றும் மூன்று இடத்தில் கிடந்தன, ஒன்றின் ஓட்டில் விளிம்பு உடைந்திருந்தது. ஒன்பதில் முதலாவது பிப்ரவரி இருபத்தேழு. இப்படி இருபத்தொன்றையும் சொன்னேன். பெட்டி அறையில் கற்றது இது ஒன்றுதான். ஒரு பொருளை ஒரு நாளோடு கட்டி வைத்துவிட்டால் பின்னால் நாளை இழுத்தால் பொருள் வரும்.

அத்தனையையும் தாளில் எழுதிக்கொண்டார். முடித்ததும் கொட்டகைக்குள் போய்க் கணினியைத் திறந்து, தான் எழுதியதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வெளியே நின்றேன். பிறகு என்னைக் கூப்பிட்டார். திரையில் மூன்று கோடுகள். மூன்றும் மேலே ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் மடங்கிக் கீழே இறங்குகின்றன. பாசியின் எடையாம். இரண்டாம் தொட்டியின் கோடு ஜனவரி இருபத்தேழில் இறங்குகிறது. ஐந்தாவது பிப்ரவரி இருபத்துநான்கில். ஒன்பதாவது இப்போதுதான், மார்ச் இருபத்துநான்கில். நான் நத்தை விட்ட நாளிலிருந்து மூன்று வாரம் போல, ஒவ்வொன்றிலும்.

"அக்டோபர்ல வந்திருந்தா இப்படி ஆளுக்கொரு நாள் மடங்காது" என்றார். விரலால் அந்த மடங்கின இடத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

பேராசிரியர் மறுபடி வந்தார். மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் நிற்கப் பார்த்தேன், உட்காரச் சொன்னார்.

கோடுகளைப் பார்த்தார். நாட்களைப் பார்த்தார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். எடை எப்போது குறைந்தது என்பதை முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி நான் நாட்களைச் சொல்லியிருக்கலாமே?

டாக்டரம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன்.

"சார், அவருக்குப் படிக்கத் தெரியாது" என்றார். எடைகள் எல்லாம் கணினியில் இருந்தன. தொட்டி எண்ணைப் போடாமல் எழுத்தைப் போட்டு மறைத்துத்தான் எழுதியிருந்தாராம், நிறுக்கும்போது தன் மனமே ஒரு பக்கம் சாயக் கூடாதென்று. எந்த எழுத்து எந்தத் தொட்டி என்பது அவருக்கே ஒரு தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

நாற்பது வருடமாக மூடி வைத்திருந்ததை ஒரு பெண் இன்னொருவர் முன்னால் எடுத்து வைக்கிறாள், அது எனக்குச் சாட்சியாக நிற்கிறது. தரையைப் பார்க்கலாமா நிமிர்ந்து பார்க்கலாமா என்று தெரியவில்லை. நிமிர்ந்துதான் பார்த்தேன்.

பேராசிரியர் மார்ச் நான்காம் தேதி எந்தத் தொட்டி என்று திடீரென்று கேட்டார். ஒன்பது, ஒன்றே ஒன்று, ஓட்டிலிருந்து தலையை நீட்ட நேரமாயிற்று என்றேன். டாக்டரம்மாவின் தாளோடு பேராசிரியர் ஒத்துப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முடிவு இது. ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பட்டம் கொடுக்க முடியாது என்றார் பேராசிரியர். அதனால் மே மாதம் இல்லை. ஆகஸ்ட் வரை தொட்டிகள் ஓடும். சுத்தமாக இருக்கிற ஆறாவதும் ஏழாவதும் அப்படியே நத்தையில்லாத தொட்டிகளாக நிற்கும். இரண்டு, ஐந்து, ஒன்பது தனி வரிசை: நத்தை பின்னால் வந்த தொட்டிகள். அதே மாதிரி சுத்தமாக இருக்கிற பன்னிரண்டாம் தொட்டியில் ஜூன் ஒன்பதாம் தேதி டாக்டரம்மா கையாலேயே நத்தையை விட்டு, எண்ணி எழுதி, கோடு மூன்று வாரத்தில் மடங்குகிறதா என்று பார்ப்பார். மடங்கினால் நான் சொன்ன நாட்களும் நிற்கும். மடங்காவிட்டால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும்.

எல்லாத் தொட்டிகளுக்கும் வலைமூடி போடுகிறார்கள்.

இவள் கேட்கிறாள், வேலையிலிருந்து நிறுத்துகிறேன் என்று ஏதாவது சொன்னார்களா என்று. அந்தப் பேச்சே வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

அளவெடுத்தோம். ஒன்பதாம் தொட்டியில் மெல்லிலை போய்விட்டது, தண்டு மட்டும் நிற்கிறது. நாடா ஒரு சாண் ஏறியிருக்கிறது. வந்தது ஐந்து நத்தைதான், அதற்குள் குடும்பம் பெருகிவிட்டது. ஒரு தொட்டியில் யார் இருப்பது என்பதை மாற்ற ஐந்து பேர் போதும் போல. அதை நான்தான் செய்தேன், தெரியாமல். மெல்லிலையைப் பார்த்தால் கொஞ்சம் குற்ற உணர்வு. நாடாவைப் பார்த்தால் இல்லை.

டாக்டரம்மா பழைய மாதிரி பேசுகிறார். முழுக்கப் பழைய மாதிரி என்று சொல்ல முடியாது. எதையாவது கொடுத்தால் நான் கைநீட்டுவதற்கு முன் வாயால் சொல்லிவிடுகிறார். முதல் இரண்டு நாள் அது சுருக்கென்று இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

பன்னிரண்டின் கோடு மடங்கிவிட்டது. டாக்டரம்மா வேலியருகே ஓடிப்போய்த் தோட்டக்காரரிடம்கூடச் சொன்னார். அவர், அப்படியானால் என் நத்தைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஜூலை 7, திங்கள்

மாலை நேரத்துக்கு இன்னோர் ஆள் போட்டிருக்கிறார்கள். ஐம்பது வயது இருக்கும், இதற்கு முன் ஏதோ கிடங்கில் காவல் வேலை. கொட்டகையில் டாக்டரம்மா அவர் கையில் தாளைக் கொடுத்தார். கணினியில் பேராசிரியருக்குத் தன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தை அனுப்புகிற நாள் இன்று, பாதி கவனம் அங்கே இருந்தது.

அந்த மனிதர் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கண் மேலிருந்து கீழே ஒரே இறக்கமாக இறங்கியது. படிக்கிற கண் அப்படி இறங்காது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டே இறங்கும், இவள் படிக்கும்போது நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். கீழே வந்ததும் தாளை மடித்து, "சரிங்க மேடம்" என்றார். வெகு தெளிவாகச் சொன்னார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஒருதடவை சத்தமாப் படிச்சீங்கன்னா நானும் கேட்டுக்குவேன்" என்றேன்.

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பத்து வரியும் எனக்கு மனப்பாடம் என்று அவருக்குத் தெரியும். பிறகு அந்த மனிதரைப் பார்த்தார். கணினியை மூடிவிட்டு, தாளை வாங்கி, நாற்காலியை எங்கள் இருவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தார்.

ஆறாவது வரியில் அந்த மனிதர் கையை லேசாகத் தூக்கினார். "அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.